ஆடுகிற சுவர், ஆடாத காலண்டர்

என் வீட்டுக்குப் போகிற வழி காலையில் ஒரு சரிவிலும் மாலையில் வேறொரு சரிவிலும் இருக்கும். கரையிலிருந்து மிதவை மேடைக்கு இறங்க ஓர் இரும்பு நடைபாலம் உண்டு. அதன் மேல்முனை மண்ணோடு பூட்டப்பட்டது. கீழ்முனை தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குவது. கடல் ஏறியிருக்கும் வேளையில் அது கோயில் பிராகாரம் போலச் சமமாகக் கிடக்கும். வற்றியிருக்கும் வேளையில் மொட்டைமாடிக்குச் சாத்திய ஏணி மாதிரி நிற்கும். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரின் மௌரி அவென்யூவிலுள்ள இந்தியக் கடையில், பொன்னி அரிசி மூட்டை வாங்குவதற்கு முன்னால் ஃபோனை எடுத்துக் கடல் ஏறும் நேரம் பார்க்கிற ஆள் அந்தக் கடைக்கு வருகிறவர்களில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பில் போடுகிற ஆன்ட்டி ஒருநாள் கேட்டார்: "என்னப்பா, ராகு காலமா பாக்கற?" இல்லை ஆன்ட்டி, என் வீடு இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

ஆமாம், நான் படகில் குடியிருக்கிறேன். முப்பத்துநான்கு அடி நீளம், பத்தடி அகலம், ஒற்றைப் பாய்மரம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது. ஓக்லாண்டுக்கும் அலமீடாவுக்கும் நடுவே ஒரு கால்வாய் போகிறது. ஒரு காலத்தில் மனிதர்கள் வெட்டியது. அதை வெட்டியதால்தான் அலமீடா தீவாகிப் போனது என்கிறார்கள். அதன் கரையில் ஒரு சின்னப் படகுத்துறை. சில படகுகளில் மட்டும் ஆட்கள் குடியிருக்க அனுமதி உண்டு. அதில் ஒன்று எனக்குக் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் படகுக்குள் உட்கார்ந்தே வேலை. மற்ற இரண்டு நாள் சைக்கிளில் தூக்குப்பாலத்தைத் தாண்டி ஃப்ரூட்வேல் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ரயிலில் ஃப்ரீமான்ட் அலுவலகம். வேலை மென்பொருள் சோதனை. அடுத்தவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வது. உயரமான படகு ஏதாவது வந்துவிட்டால் பாலம் நடுவில் பிளந்து கொண்டு மேலே போய்விடும். காலை மீட்டிங்கில் "சாரி, பாலம் வானத்தில் இருந்தது" என்று முதல் தடவை சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இப்போதெல்லாம் "இன்றைக்குப் பாலம் எங்கே இருக்கிறது?" என்று அவர்களே கேட்கிறார்கள்.

படகில் ஏன், என்று கேட்பீர்கள். அதற்கு நான் திருப்பூருக்குப் போக வேண்டும்.

பிறந்ததிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை நான் பதினான்கு வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். ஒன்றுக்கும் கதவு கிடையாது. அப்பா கொத்தனார். வீடு கட்டுகிற இடத்திலேயே சிமென்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் காவலாக எங்களையும் குடிவைத்துக் கொள்வார்கள். அஸ்திவாரம் போடும்போது தகரக் கொட்டகை; கூரை போட்டதும் அந்த வீட்டின் எந்த அறை முதலில் காய்ந்ததோ அது எங்கள் அறை. ஜன்னல் இருக்கிற இடத்தில் ஓட்டை, கதவு இருக்கிற இடத்தில் அம்மாவின் பழைய புடவை. சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாசனையில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். கதவு வந்து இறங்குகிற வாரம் எங்களுக்குத் தெரிந்துவிடும், கிளம்ப வேண்டியதுதான் என்று. புதுமனை புகுவிழா அன்று வீட்டுக்காரர்கள் அப்பாவுக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். பிறகு வாசலில் நின்று எல்லோருமாக ஒரு போட்டோ. அந்தப் படங்களின் பிரதிகள் அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அப்பா ஓரத்தில், புதுத் துண்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் டேப்பில் அங்குலம் தெரியும். சுவரின் நேர் பார்க்கிற தூக்குக்குண்டின் நூல் சுவரை விட்டு ஒரு நெல்மணி விலகினாலும் பத்தடி தள்ளி நின்றே தெரியும். நான் அமெரிக்கா வந்த பிறகு அவர்களுக்கு ஓர் இடம் பார்க்கலாம் என்று பேச்செடுத்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "மொதல்ல நீ ஒரு எடத்துல நில்லு சாமி. நீ நின்னாப் போதும்." அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் பல்லடம் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள்.

ஃப்ரீமான்டில் என்னோடு அறை எடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள். ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்க்கலாம் என்றுதான் விற்பனைக்கு இருந்த அந்தப் படகில் கால் வைத்தேன். அது என் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. உள்ளே யாரோ "வா" என்று தலையசைத்தது போல. ஐந்து படி இறங்கினால் உள்ளே ஓர் அடுப்பு, ஒரு மேசை, ஒரு படுக்கை. பாதி வார்னிஷ் அடித்து விட்டுவிட்ட பலகைகள், வெளியே தொங்கும் வயர்கள். கதவு எங்கே என்றேன். மூன்று பலகைகளை எடுத்துக் காட்டினார்கள். வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொள்ள வேண்டுமாம். கதவில்லாத பதினைந்தாவது வீடு அது.

வாங்கிய அன்றே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, வீடு வாங்கிட்டேனுங்க. சின்னதுதான். தண்ணிக்குப் பக்கத்துல."

மறுமுனையில் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "டேய், மிசினை நிறுத்துங்கடா!" என்று அப்பா கத்தியது அலமீடா வரை கேட்டிருக்கும். "என்ற பையன் ஊடு வாங்கிட்டானாம்!" பிறகு என்னிடம், தொழில்காரரின் குரலில்: "வாசல் எந்தப் பக்கம் பாத்துருக்குது?"

ஃபோனில் திசைகாட்டியைப் பார்த்தேன். "கிழக்குங்கப்பா."

"சபாஷ். நீளம்?"

"முப்பத்திநாலு அடிங்க."

"முப்பத்திநாலா? மனையடிக்கு ஆகாதேடா. முப்பத்தஞ்சுன்னா ராசி. முன்னால ஒரு படி வெச்சு ஒரு அடி சேத்திக்கச் சொல்லு. அகலம்?"

"பத்துங்க."

"பத்தா? ஊடா, வராண்டாவா?" பின்னால் சித்தாள்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, அது படகு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "இங்கெல்லாம் அப்படித்தானுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை படகை அவிழ்த்துக்கொண்டு கால்வாயில் போனேன். ஒரு நீண்ட ஊதல், ஒரு குட்டை ஊதல். பாலக்காரர் பாலத்தைத் தூக்கிவிட்டார். கார்களெல்லாம் எனக்காக நின்றன. அகலமான இடத்தில் நங்கூரம் போட்டு, டீ வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் என் வாசல் ஓக்லாண்டின் பாரந்தூக்கிகளைப் பார்த்தது, பிறகு மேற்கே சூரியனை, பிறகு அலமீடாவின் மரங்களை. ஒரு மணி நேரத்தில் எட்டுத் திசைக்கும் முகம் காட்டிவிட்டு மறுபடி கிழக்கே வந்து நின்றது. அப்பாவிடம் சொன்னது பொய்யில்லை என்று அந்த ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன்.

இலையுதிர்காலத்தில் இங்கே இலைகளைவிட வெளிச்சம்தான் உதிர்கிறது. மாலை நான்கு மணி வெயில் தண்ணீரில் பட்டு, படகின் உள்கூரையில் நெளிநெளியாக ஓடும். மீட்டிங்கில் பேசிக்கொண்டே நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தீபாவளிக்கு லட்டு வாங்கிக்கொண்டு பக்கத்துப் படகுக்குப் போனேன். அங்கே டெப் என்கிற அம்மாள் இருக்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது, கூடவே காது கேட்காத ஒரு நாய். நான் பாட்டுக்கு அவர் படகில் கால் வைத்துவிட்டேன். "ஏய்! கேட்டுவிட்டு ஏறு!" என்று உள்ளிருந்து சத்தம். உரியவர் அழைக்காமல் படகில் கால் வைக்கக் கூடாதாம். மேடையில் நின்று தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் நுழைகிற, கதவில்லாத வீடுகளில் வளர்ந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? மேடைக்கு இறங்கி, தட்டி, லட்டுப் பெட்டியை நீட்டினேன். அவர் பெட்டியையும் என்னையும் பார்த்தார். "எந்தப் பள்ளிக்கூடத்து நிதிக்காக மிட்டாய் விற்கிறாய்?" என்றார். நிதியில்லை, சும்மா என்றேன். "சும்மாவா? அப்படியானால் என் ஏணி இரவல் வேண்டுமா?" ஏணியும் வேண்டாம், இன்று எங்கள் பண்டிகை என்று புரியவைப்பதற்குள் நாய் ஒரு லட்டைத் தின்றுவிட்டது.

அந்த மாதம்தான் செந்தில் அண்ணன் ஊரிலிருந்து திரும்பினார். என் டீம் லீட். சென்னைக்காரர், மனைவிக்குத் திருப்பூர். படகில் குடியிருப்பது தெரிந்த ஒரே தமிழர் அவர்தான். படகுக்கு வந்து, ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி உட்கார்ந்து, ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வைத்தார்.

"தம்பி, உங்கப்பா என் மாமனார் வீட்டுக்கே வந்துட்டாருப்பா. இத வாசக்கால் உச்சியில கட்டச் சொல்லுங்கன்னு மூணு வாட்டி சொன்னாரு. எனக்கு ரொம்ப கில்ட்டியா ஆயிடுச்சு. ஏன்டா இது ஆடிக்கிட்டே இருக்கு? கட்டித்தானே வச்சிருக்க?"

"கட்டித்தான் இருக்குண்ணே. யாரோ படகுல போறாங்க."

"வயித்தக் கலக்குதுடா. சரி கேளு. அவருக்கு ஒரு போட்டோ வேணுமாம், நீ வீட்டு முன்னாடி நிக்கற மாதிரி. சிம்பிள். என் வீட்டு முன்னாடி நின்னு ஒண்ணு எடுத்து அனுப்பிடு."

"அது பொய்யாச்சேண்ணே."

"டேய், அந்த வீட்டுக்கு பேங்குதான் ஓனர். அதுக்கு முன்னாடி நிக்கற நானே பொய்தான். நீ நின்னா என்ன?"

நான் நின்றேன். ஃப்ரீமான்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பல் நிறக் கதவுக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு. அண்ணி எடுத்தார். அனுப்பிய பத்தாவது நிமிடம் அப்பாவின் குரல் பதிவு வந்தது: "ஜன்னலுக்கு மேல சன்ஷேட் பத்தாது சாமி, சாரல் அடிக்கும். மத்தபடி ஊடு ஜோரு." படகில் வந்து மஞ்சள் முடிச்சை வாசல் சட்டத்தின் உச்சியில் கட்டினேன். அதற்கு முன்னால் நின்று என்னால் கும்பிட முடியவில்லை.

மழைக்காலம் வந்தது. இங்கே வருவது நம் ஊர் மழையில்லை. இடி கிடையாது, கோபம் கிடையாது. நாள்கணக்கில் யாரோ பக்கத்து அறையில் அரிசி களைவது போல ஒரு சத்தம். படுக்கைக்கு மேல் ஓர் இடத்தில் சொட்டியது. அதற்குக் கீழே இட்லிப் பானையை வைத்துவிட்டு, லேப்டாப்பை மேசையின் மறுமுனைக்கு நகர்த்திக்கொண்டு வேலை பார்த்தேன். டிசம்பர் கடைசியில் கடல் மிக உயரமாக ஏறிய நாட்களில் நடைபாலம் தலைகீழாகச் சரிந்து, கரையைவிட மேடை உயரமாக இருந்தது. வீட்டுக்கு ஏறிப் போனேன். அந்த நாட்களில் ஒன்றில்தான் அம்மா ஃபோனில் சொன்னாள்:

"உங்கப்பா அந்தப் போட்டோவைப் பெருசாப் போட்டு, சட்டம் போட்டு மாட்டிப்புட்டாரு கண்ணு. வர்ற ஆளுக்கெல்லாம் காட்டறாரு. நேத்து சிலிண்டர் போட வந்தவனுக்குக்கூடக் காட்டாம உடலை."

அம்மா சிரித்தாள். நான் இட்லிப் பானையில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கவர் நிறைய அடுத்தவர் வீட்டு வாசல்களை வைத்திருந்தவருக்கு, நான் என் பங்குக்கு இன்னொன்றை அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை ஓரத்தில் நிற்பது நான். படித்தவன் செய்கிற காரியமா இது?

ஜனவரியில் ஒரு காலை டெப் மேடையில் நின்று தட்டினார். "உன் மூட்டைக்கு உயிர் வந்துவிட்டது" என்றார். வெளியே வந்து பார்த்தேன். முடிச்சுக்குள் இருந்த நவதானியம் மழையில் ஊறி, மஞ்சள் துணியைக் கிழித்துக்கொண்டு பச்சைப் பயறும் கொள்ளும் வெள்ளைக் கால்களை நீட்டியிருந்தன. பறவைகளுக்குக் கட்டியதா என்று கேட்டார். வீட்டுக்குக் கட்டியது என்றேன். அவர் படகை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார். முடிச்சை அவிழ்த்தேன். முளைகளுக்கு நடுவே ஓர் ஐந்து ரூபாய்க் காசு. முளைகளைத் தயிர் டப்பாவில் மண் போட்டு நட்டேன். காசைத் துடைத்து, கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் வைத்தேன்.

வசந்தம் என்பது இங்கே பச்சையாக வரும். ரயிலில் போகும்போது கிழக்கே லிவர்மோர் பக்கத்து மலைகள் சில வாரங்களுக்கு மட்டும் வயல் மாதிரி இருக்கும். அப்புறம் ஆண்டு முழுவதும் வைக்கோல் நிறம்தான். அப்படியொரு பச்சை வாரத்தில், உலோகப் பாய்மரத்தின் அடி அரித்துப்போயிருப்பதை நானும் டெப்பும் கண்டுபிடித்தோம். கிரேன் கொண்டு மரத்தைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. மரம் மேலே போனதும் டெப் என்னைக் கூப்பிட்டு, படகின் அடிவயிற்றில் அது ஊன்றியிருந்த குழியைக் காட்டினார். பாசி நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டினேன். ஒரு காசு.

"எல்லா மரத்துக்கு அடியிலும் ஒன்று இருக்கும். படகு கட்டும்போது வைப்பார்கள்" என்றார் டெப். "மரத்தைத் திரும்ப நிறுத்தும்போது நீயும் ஒன்று வை. சனிக்கிழமை பத்து மணிக்குக் கிரேன் வருகிறது."

அஸ்திவாரக் குழியில் காசும் மஞ்சளும் போட்டு அப்பா கண்ணை மூடி நிற்பதை நான் பதினான்கு தடவை பார்த்திருக்கிறேன். மண்ணைத் தொடாத ஒன்றுக்கும் அதே காரியத்தைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போயிற்றே. என்னிடம் காசு இருந்தது, இழுப்பறையில். ஆனால் அது வாசக்கால் உச்சிக்கு என்று அவர் கட்டிக்கொடுத்த காசு. அடியில் வைக்கலாமா? இதைக் கேட்க எனக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவரிடம் கேட்க வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. அங்கே சனிக்கிழமை காலை. வழக்கமாக வீடியோவில் பேசுவதென்றால் அலுவலகத்திலிருந்துதான் பேசுவேன். அன்று எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரே வீடியோவில் வந்துவிட்டார், கையில் டீ கிளாசோடு. எடுத்தேன். சாப்பிட்டயா, வேலை எப்படி, அம்மா பக்கத்துலதான் இருக்கறா. துடுப்புப் படகுகள் கூட்டமாக வெளியே போயின. மரம் இல்லாத படகு கனமில்லாமல் வெடுக்வெடுக்கென்று ஆடும். நான் ஒரு கையில் ஃபோனோடு, மறு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு முகத்தை நேராக வைத்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால், மௌரி அவென்யூ கடையில் கொடுத்த தினசரி காலண்டர் ஆணியில் தொங்கியது.

அப்பா பேசுவதை நிறுத்தினார். டீ கிளாசைக் கீழே வைத்தார். ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கண்ணு, பின்னால அந்தக் காலண்டர்…"

"ஃபேன் காத்துங்கப்பா, ஆடுது" என்றேன். பழக்க தோஷம்.

"காலண்டர் ஆடல" என்றார் அப்பா. "அது தூக்குக்குண்டாட்டம் நேரா நிக்குது. செவுருதான் ஆடுது."

அதற்குப் பிறகு சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சொன்னேன். படகு, கால்வாய், கிழக்கு, எல்லாம். காசைப் பற்றித் தொடங்கும்போது அவர் குறுக்கிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அந்தப் போட்டோ?"

"செந்தில் அண்ணன் வீடுங்கப்பா."

திரையில் அவர் முகம் இல்லை. பூசாத செங்கல் சுவர்தான் தெரிந்தது. குரல் மட்டும் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"அடுத்தவன் ஊட்டு வாசல்ல நின்னு போட்டோ புடிக்கறது நாந்தான், முப்பது வருசமா. நீயுமா சாமி?"

அழைப்பு நின்றுவிட்டது. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. படகு அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. நீங்கள் யாராவது ஊருக்கு இப்படி ஒன்றை அனுப்பியிருக்கிறீர்களா? வாடகைக் காருக்கு முன்னால் நின்று, நண்பன் வீட்டு நீச்சல்குளத்துக்கு முன்னால் நின்று? அனுப்பும்போது நாம் ஊரைத்தான் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. அங்கே இருட்டியிருக்கும். ஒரு பகல் முழுக்கச் சுவர் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அப்பாதான். வெறும் குரல்.

"மழைக்கு ஒழுகுதா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. "ஒழுகுதுங்கப்பா. படுக்கைக்கு மேல, ஒரு எடத்துல."

"நடுவுலயா, ஓரத்துலயா?"

"ஜன்னலோரமுங்க."

"ஹ்ம்." டீ உறிஞ்சும் சத்தம். "காத்தால காசுன்னு என்னமோ சொல்ல வந்தியே?"

அவருடைய காலை எனக்கு நேற்று மாலை; அப்போது காசைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்து வைத்திருக்கிறார். குழியைச் சொன்னேன், பழைய காசைச் சொன்னேன், அவருடைய ஐந்து ரூபாயைச் சொன்னேன். முடிச்சு முளைவிட்டதைச் சொன்னபோது அப்பா இடைமறித்தார்.

"மொளைச்சுதா?"

"ஆமாங்கப்பா. பயறு, கொள்ளு, எல்லாம்."

"ஏ இவளே, மொளைச்சிருக்குதாம்!" அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். குரலில் தொழில்காரர் வந்துவிட்டிருந்தார். "பழைய காசை எடுத்துராத. அது ஆரு வெச்சதோ, அவங்க இருந்துட்டுப் போன ஊடு அது. அதும்மேலயே நம்முளத வை. எத்தன மணிக்கு நிறுத்தறாங்க?"

"பத்து மணிக்குங்க."

"சனிக்கெழமை பத்தரை வரைக்கும் ராகு காலம்டா, படிச்சவனே. பத்தரைக்கு மேல நிறுத்தச் சொல்லு."

கிரேன்காரர் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். அரை மணி நேரம் பொறுக்க முடியுமா என்றேன். கால்வாயைப் பார்த்தார். "நீரோட்டம் நிற்கட்டும் என்கிறாயா? நல்ல புத்தி." ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் எனக்குப் பொய் சலித்துவிட்டிருந்தது. "இல்லை. எங்கள் வழக்கப்படி இது நல்ல நேரம் இல்லை. என் அப்பா சொன்னார்" என்றேன். அவர் கையுறையைக் கழற்றினார். தன் தகப்பனார் மீன்பிடிப் படகு வைத்திருந்ததாகவும், வெள்ளிக்கிழமை துறையை விட்டு ஒருநாளும் கிளம்பியதில்லை என்றும் சொன்னார். "காபி மட்டும் கொடு, காத்திருக்கிறேன்." டெப்பும் நாயும் வந்தார்கள். நாங்கள் மேடையில் உட்கார்ந்து ஃபில்டர் காபி குடித்தோம். பத்தரைக்கு நான் படகுக்குள் அதன் அடிவயிற்றில் மண்டியிட்டு, பச்சைக் காசின்மேல் ஐந்து ரூபாயை வைத்தேன். கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்டேன். மேலிருந்து மரம், கூரையின் துளை வழியாக, ஒரு யானைக்கால் போல நிதானமாக இறங்கி அந்தக் காசின்மேல் நின்றது. படகு ஒருதரம் மூச்சை இழுத்துவிட்டு அடங்கியது.

மரம் நின்ற பிறகு டெப் மேடையிலிருந்து என்னைப் படம் எடுத்தார். வாசலில், என் வாசலில், மஞ்சள் கையோடு நிற்கிறேன். அவர் எடுக்கிற நேரம் பார்த்து ஒரு விசைப்படகு போனது. படகு சாய்ந்து, படத்தில் மரமும் சாய்ந்துவிட்டது. வேறு எடுக்கலாம் என்றார் டெப். வேண்டாம் என்று அதையே அனுப்பினேன். அப்பாவிடமிருந்து பதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பேசும்போது படுக்கைக்கு மேல் ஒழுகுவதை மட்டும் கேட்பார்; படத்தைப் பற்றிப் பேச மாட்டார். நானும் கேட்கவில்லை.

இப்போது கோடைக்காலம். இங்கே கோடை என்பது பனிமூட்டம். காலையில் கால்வாயின் அக்கரை இருக்காது, பாலம் இருக்காது, பாலத்தின் மணிச்சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். இட்லி வேகும் ஆவி வாசல் வழியே போய் அதோடு கலந்துவிடும். எது என் அடுப்பிலிருந்து வந்தது, எது கடலிலிருந்து வந்தது என்று தெரியாது. தயிர் டப்பாவில் பயற்றங்கொடி மரத்தின் கயிற்றைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறது. விசா தாளில் ஒரு தேதி இருக்கிறது. அதற்குப் பிறகு இந்தக் கொடியை யார் பார்ப்பார்கள் என்று சில காலைகளில் நினைப்பேன். பனி விலகியதும் மீட்டிங் வந்துவிடும்.

போன வாரம் அம்மா பேசும்போது சொன்னாள்: "அந்தப் பழைய போட்டோவைக் கழட்டிட்டாரு கண்ணு. நீ படகுல நிக்கறத மாட்டியிருக்கறாரு."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு. சட்டத்தைக் கோணையா மாட்டியிருக்கறாரு. நானும் நேரா வெச்சு வெச்சுப் பாக்கறேன், மறுக்காக் கோணையாக்கிப்புடறாரு. சைட்டுலிருந்து தூக்குக்குண்டைக் கொண்டாந்து நூல் புடிச்சு மாட்டுன மனுசன். கேட்டா, சட்டத்தை நேரா மாட்டுனா படத்துல பையனோட கம்பம் சாயுதுங்கறாரு."

ஆயுளில் ஒரு செங்கல்லைக்கூடக் கோணலாக வைக்காத மனிதர் அவர். பல்லடம் ரோட்டில், ஒரு வாடகை வீட்டின் நேரான சுவரில், ஒரு சட்டம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. அதற்குள் கால்வாயும் மேடையும் சரிந்து கிடக்க, என் பாய்மரம் மட்டும் நூல் பிடித்தாற்போல நிமிர்ந்து நிற்கிறது.